ஒரே தேதி போட்ட இரண்டு மூடிகள்

'இருக்கலாம்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்பார், அல்லது வராது என்பார். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் அவர் கடை இருந்தது. பழைய கைக்கடிகாரங்களைத் திறந்து பார்த்து, இது அசல், இது கலப்பு என்று சொல்வார். பழுது பார்ப்பார், சர்வீஸும் செய்வார். ஆனால் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தது அவருடைய சொல்லுக்காகத்தான்.

நான் அப்போது ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. செங்கல் சூளை, லாரி கிளீனர், திருப்பூர் பனியன் கம்பெனி எல்லாம் பார்த்துவிட்டு அந்தத் தொழிலுக்கு வந்திருந்தேன். செல்போனில் படம் போட்டால் பழைய வாட்சுக்கு வெளியூரில் ஆள் கிடைக்கிறது என்று தெரிந்ததும் பித்தளையையும் ரேடியோவையும் விட்டுவிட்டு வாட்சை மட்டும் தேடினேன். வாங்கியதில் பாதி கலப்படம். நாலு பேரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் யாரோ அவர் கடையைக் கை காட்டினார்கள்.

முதல்நாள் நான் நீட்டிய வாட்சின் டயல் கண்ணாடி போலப் பளபளத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாக்க மாட்டீங்களாண்ணே?"

"மூஞ்சிக்கு யார் வேணா பெயிண்ட் அடிக்கலாம். இதுக்கு உங்கப்பன் வயசு. உங்கப்பன் இப்பிடியா பளபளன்னு இருக்காரு?"

"அவரு செத்துட்டாருண்ணே."

"சரி, அவருக்காவது பெயிண்ட் அடிக்காம உட்டாங்களே" என்று சொல்லிவிட்டு வாட்சைத் திருப்பித் தந்தார். "டயல் புதுசா வரைஞ்சது. எடுத்துக்கினு போ."

கோபம் வந்தது. ஆனால் மறுவாரம் இன்னொரு வாட்சோடு போய் நின்றேன். அதை நானே குப்பை என்று நினைத்திருந்தேன். டயல் மஞ்சளடித்து, முள்ளெல்லாம் கறுத்துக் கிடந்தது. அவர் திறந்தார். முதலில் உடம்பு என்று அவர் சொல்லும் வெளிக்கூட்டின் ஓரங்கள், அடுத்து உள்ளே இருக்கும் திருகாணிகளின் தலைகள், கடைசியில்தான் டயல். அந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை. திருகாணித் தலையில் கோடு சிதைந்திருந்தால் எவனோ அரைகுறை கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். "இதுல ஒண்ணு கூட மாத்தல. இத துடைக்காத, தேய்க்காத, இப்பிடியே குடு" என்றார். அந்த வாட்சால் நான் மூன்று மாதம் சாப்பிட்டேன்.

வாட்ச் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் முடித்து மூடும்போது, பின் மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தேதியையும் ரசீது எண்ணையும் கீறி வைப்பார்கள். கட்டுகிறவருக்கு அது தெரியாது. அடுத்து அதைத் திறக்கிற ரிப்பேர்காரருக்குத்தான் தெரியும். இவர் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையும் போடுவார். மற்றவர்களுடைய கீறலையும் அவரால் படிக்க முடிந்தது. "இது விழுப்புரம் ரயிலடிக்காரன் கை. சாயங்காலத்துல கீறுனான்னா நம்பரு ஒரு பக்கமா சாஞ்சிக்கினு போவும்" என்று சிரிப்பார்.

ஒருமுறை மயிலத்திலிருந்து ஒரு லாரி உரிமையாளர் தன் மச்சான்மார் இரண்டு பேரோடு வந்தார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சுவிஸ் வாட்ச். பேரன் பிறந்திருந்த சந்தோஷத்தில் அதைச் சர்வீஸ் செய்யக் கொண்டுவந்திருந்தார். இவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் சுவிஸ். டயல் சுவிஸ் இல்ல. முள்ளு ரெண்டும் ஜோடியே இல்ல. பெரிய முள்ளு ஒரு குடும்பம், சின்ன முள்ளு ஒரு குடும்பம்."

"கல்யாணம்னாலே அப்பிடித்தானே சார்" என்றார் ஒரு மச்சான். லாரிக்காரர் சிரிக்கவில்லை. மச்சான்மாரின் முகத்தைப் பார்த்தபடியே வாட்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

"அவங்களை வச்சிக்கினு சொல்லாம இருந்திருக்கலாமேண்ணே."

"சொல்லலைன்னா டயல் மாறிடுமா?"

அவர் மனைவி மதியம் சாப்பாடு கொண்டுவருவார். என்னைக் கேட்காமலே பாதியை டப்பா மூடியில் எனக்கு ஒதுக்கி வைப்பார் இவர். அந்த அம்மாதான் ஒருநாள் சொன்னார். மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, காபி கொடுத்து முடிப்பதற்குள் இவர் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்து, "சங்கிலி கவரிங்கா தம்பி?" என்று கூடக் கேட்கவில்லையாம். "சங்கிலி கவரிங்" என்று முடித்துவிட்டாராம். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவர், கடைசியில் சிரிப்பை விட்டுவிட்டார். "பொண்ணு ஒரு வருஷம் இவருகூடப் பேசல தம்பி. அதுக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சு."

"கவரிங்தானே அது?" என்றார் இவர், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆமா சாமி, கவரிங்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஃபாதரை நிறுத்தி, பிரசங்கத்தில் எந்த வசனம் தப்பு என்று சொல்வாராம். எனக்கு ஒருமுறை நாலு நாள் சோறு இறங்காமல் கடை வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தபோது, என் கண் இமையை லென்ஸ் வைத்து விலக்கிப் பார்த்து "மஞ்சக் காமாலை" என்றார். கடையைப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் என்னை ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

விழுப்புரத்துச் சகோதரர்களை அவரிடம் அனுப்பியது நான்தான். விழுப்புரம் ரயிலடி டீக்கடையில் பழக்கமானவர் மூத்தவர். சென்னையில் வேலை. அவருடைய அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, விழுப்புரத்து வீட்டில் இளைய மகனோடு இருந்து, அந்த வருஷம்தான் இறந்திருந்தார். அப்பாவின் வாட்ச் மூத்தவருக்கு என்று முடிவாகியிருந்தது. கட்டிக்கொள்வதற்கு முன்னால் அசல்தானா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். "திண்டிவனத்துல ஒருத்தர் இருக்காரு. அவரு சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். நானும் கூட இருந்தேன். மூத்தவர் அப்பாவின் சின்ன டைரியையும் கொண்டுவந்திருந்தார். வாட்சின் பின் மூடியில் வெளிப்பக்கம் கம்பெனி போட்ட எண்ணை அப்பா டைரியில் எழுதி வைத்திருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கும்போதெல்லாம் அந்த எண்ணைச் சரிபார்ப்பாராம். கண் புரை விழுந்த பிறகு, பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாராம்.

எண் சரியாக இருந்தது. இவர் மூடியைத் திறந்தார். உள்ளே அவருடைய சிலுவையே இருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. "அட, என் கை" என்று சந்தோஷப்பட்டார். பிறகு உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மூடி உங்கப்பாவோடது. வாட்ச் உங்கப்பாவோடது இல்ல."

"புரியல சார்."

அவர் லென்ஸைக் கொடுத்துக் காட்டினார். சிலருடைய வியர்வை உலோகத்தை அரித்துவிடும். அந்த வாட்சின் உடம்பு ஓரமெல்லாம் அப்படி அரித்துப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்திருந்தது. மூடியில் ஒரு புள்ளி கூட இல்லை. ஒரே கையில் ஒன்றாகக் கிடந்த உடம்பும் மூடியும் அப்படி இருக்க முடியாது.

"யாரோ நல்ல வாட்ச எடுத்துக்கினு, அதே மாதிரி அடிபட்ட வாட்ச் ஒண்ணுல இந்த மூடியப் போட்டு வச்சிருக்காங்க. நம்பர் மட்டும் சரியா இருந்தா பெரியவருக்குத் தெரியாதுன்னு தெரிஞ்ச ஆளு."

நான் கேட்டேன்: "அண்ணே, சர்வீசுக்கு இங்க வந்தப்ப எதாச்சும்..."

"என் கைய உட்டுப் போறப்ப சரியாப் போச்சு. அதான் என் குறி இருக்குதே. குறி போட்டதுக்கப்புறம் வூட்டுல மாறியிருக்குது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "வாட்ச் இருந்த அலமாரிச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "என் வீட்டுக்காரிகிட்ட."

அந்தப் பெண்தான் மாமனாரைக் கடைசி ஐந்து வருஷம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள். அவளுடைய அண்ணன் செஞ்சியில் செல்போன் கடை வைத்திருந்தான். வாட்சுக்கு பேட்டரியும் போடுவான். சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. வீட்டில் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். மயிலம் மலைக்கு வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குக் கற்பூரம் அணைக்கணும்?" என்று மறுத்திருக்கிறாள். எடுத்தவள்தான் சாமிக்குப் பயப்படுவாள் என்று ஒரு பெரியம்மா சொல்லியிருக்கிறாள். புருஷன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு அனந்தபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் மூத்தவர்தான் டீக்கடையில் என்னிடம் சொன்னார். "நல்லவேளை உங்க ஆளு சொன்னாரு" என்று எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்தேன். திண்டிவனத்தில் இவரிடம் சொன்னபோது, "மூடி மாறினது மாறினதுதானே" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து, காணைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயியிடம் ஒரு வாட்ச் வாங்கினேன். விழுப்புரத்து ரயில்வேக்காரர் கட்டியிருந்த அதே மாடல். அந்தக் காலத்தில் எல்லோரும் கட்டியதுதான். "எங்கப்பா கரும்பு வெட்டறப்ப கூடக் கழட்ட மாட்டாரு. திண்டிவனத்துல சர்வீஸ் பண்ணி வந்த மாசமே போய்ச் சேந்துட்டாரு. அதுக்கப்புறம் யாரும் கட்டல, பொட்டியிலயே கெடக்குது" என்றார் விவசாயி. நான் பெரிதாக எதையும் கவனிக்கவில்லை. உடம்பு பளிச்சென்று இருந்தது, பின்பக்கம் மட்டும் கரகரவென்று இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

அதை இவர் மேஜையில் வைத்தேன். வழக்கம்போலக் கவிழ்த்தார். விரல் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கீறலை நீண்ட நேரம் பார்த்தார். லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுந்து, மேலே இருந்த தகரப் பெட்டியிலிருந்து பழைய ரசீதுப் புத்தகங்களை இறக்கினார். ஒன்றைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். விழுப்புரம் ரயில்வேக்காரர் பெயரும் காணை விவசாயியின் அப்பா பெயரும் ஒரே தேதியில், அடுத்தடுத்த எண்ணில் இருந்தன.

"இன்னாண்ணே?"

"மெஷின தனித்தனியா வப்பேன். மூடிங்கள மட்டும் ஒரே கிண்ணத்துல பெட்ரோல்ல ஊறப் போடுவேன்." நிறுத்தினார். "எடுத்து மாட்டறப்ப மாத்தி மாட்டிட்டேன். மாட்டிட்டு, குறியும் போட்டுட்டேன். மூடி நம்பரப் பாத்துத்தான் ஆளுக்கு ஆளு குடுத்தேன்."

"நீங்க இன்னா வேணும்னா பண்ணீங்க?"

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு?"

அன்று அவர் வேறு எந்த வாட்சையும் தொடவில்லை. அந்த வாட்சை நான் திருப்பிக் கேட்கவும் இல்லை. விழுப்புரத்துப் பெரியவருக்கு வருஷத் திதி அடுத்த வாரம் வருகிறது, சொந்தமெல்லாம் கூடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். "அன்னிக்கே போவணும். பத்து பேரு முன்னாடி அதுக்குக் கெட்ட பேரு வந்துச்சு. பத்து பேரு முன்னாடிதான் எடுக்கணும்" என்றார்.

போனோம். வெள்ளைச் சட்டை போட்டு, ரசீதுப் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். இலை எடுத்த பிறகு, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. "தப்பு என் மேஜைல நடந்துது. உங்க வூட்டுல யாரும் எதையும் எடுக்கல. உங்கப்பா வாட்ச் இதோ, காணையிலேர்ந்து வந்திருக்குது."

மூத்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவ அண்ணன், அந்தச் செஞ்சிக்காரன், எவ்ளோ குடுத்தான்?"

"யாரும் எதுவும் குடுக்கல சார். ரெண்டு மூடியிலயும் ஒரே தேதி. ரசீதப் பாருங்க."

"தேதிய நீதானேய்யா கீறுற? இன்னிக்குக் கூடக் கீறலாம்."

அந்தப் பெரியம்மா மூலையிலிருந்து சொன்னாள்: "அன்னிக்கும் நிச்சயமா சொன்னீங்க. இன்னிக்கும் நிச்சயமா சொல்றீங்க. எந்த நிச்சயத்த நாங்க எடுத்துக்கறது?"

அவர் ரசீதுப் புத்தகத்தை மடக்கிப் பைக்குள் வைத்தார். பேச்சில் அவர் தோற்று நான் பார்த்தது அன்றுதான். மூத்தவர் உள்ளே போய், அரித்த வாட்சை எடுத்து வந்து அவர் பையில் போட்டார். "இந்தக் குப்பையையும் நீயே வச்சிக்க. கெளம்பு." தம்பி தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து நேராக அனந்தபுரத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் அம்மா வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். நாங்கள் யார் என்று சொன்னதும் முறத்தைத் தள்ளி வைக்கவில்லை. உரித்துக்கொண்டே கேட்டாள். அவர் இரண்டு வாட்சையும் திறந்து முறத்தோரம் வைத்துக் காட்டி, முழுசையும் சொன்னார். கடைசியில், "நீ எடுக்கலம்மா" என்றார்.

"இத ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"நான் இன்னாம்மா பண்ணணும்?"

"ரெண்டையும் மாத்தி சரி பண்ணிடாதீங்க. அப்பிடியே வைங்க. எவன் வந்து கேட்டாலும் காட்டுங்க."

அதன்படியே செய்தார். கடையின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வாட்சையும் தப்பு மூடியோடு, கவிழ்த்து வைத்தார். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அவரே சொன்னார், தேதி, ரசீது எண் எல்லாவற்றோடும். கேட்டவர்களில் பலர் தங்கள் வாட்சை நீட்டாமலே திரும்பிப் போனார்கள். "இவருகிட்டயே மாறிப் போச்சாமே" என்று படியிறங்கும்போதே பேசிக்கொள்வார்கள். சென்னைக்காரர்கள் வருவது நின்றது. அவர் மனைவி, "போதும், உள்ள எடுத்து வைங்க" என்று கெஞ்சினார். என்னையும் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை.

மூன்று மாதம் போல ஆகியிருக்கும். தம்பிக்காரன் ஒருநாள் மதியம் தனியாக வந்தான். "நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்றான். இவர் ஒன்றும் விளக்கவில்லை. இரண்டையும் திறந்து வைத்து, லென்ஸை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார். அவனுக்கு லென்ஸை மாட்டத் தெரியவில்லை, நான்தான் கண்ணில் பொருத்தினேன். அரைமணி நேரம் பார்த்தான். புள்ளிகளை, கீறலை, சிலுவையை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அனந்தபுரம் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான்.

அடுத்த வாரம் சந்தை நாளில் நான் அனந்தபுரத்தில் இருந்தேன். அவள் அங்கேயே இருந்தாள், தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அவரு வந்தாரா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. தண்ணி குடுத்தேன். குடிச்சாரு. அனுப்பிட்டேன்."

"அவருதான் இப்ப நம்புறாரே."

"நான் வாயால சொன்னப்ப நம்பல. அஞ்சு வருஷம் கூட இருந்து பாத்தும் நம்பல. லென்ஸ வச்சிப் பாத்துட்டு நம்புறாரு" என்றாள். தக்காளியைப் பையில் போட்டாள். "அப்ப அந்த லென்ஸோடயே குடும்பம் நடத்தட்டும். உங்க ஆளுகிட்ட சொல்லுங்க."

திண்டிவனத்துக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போயிடுச்சா அந்தப் பொண்ணு, வூட்டுக்கு?" என்பதுதான். ஒரு பழைய வாட்சின் திருகாணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அந்தப் பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தது.

போய்விட்டது அண்ணே என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் அதை நம்பியிருப்பார். ஆனால் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன்.

திருகாணியைக் கீழே வைத்தார். கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றவில்லை. லென்ஸ் இல்லாத கண்ணால் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.